ஒரு வாக்கியத்துக்கு நாலு மாதம்

எனக்குப் பக்கவாதம் வந்தது குற்றாலத்தில், மெயின் அருவிக்கு நேர் கீழே, சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை முற்பகலில். தென்காசியில் வீட்டை வைத்துக்கொண்டு சீசனுக்குக் குளிக்கப் போகாதவன் மனுஷனே இல்லை என்பது என் கட்சி. பத்தொன்பது வருஷம் வளைகுடாவில், குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டும் ஊரில் குளித்தவனுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஊர் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்ட பிறகு ஒரு சீசனையும் நான் விட்டதில்லை. அன்று காலையில் என் மனைவி பிரஷர் மாத்திரையை நீட்டினாள். "எனக்கு என்னட்டி கேடு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் சொல்லுவாள், இன்னும் விரிவாக.

கூட வந்தவன் அவளுடைய தம்பி, என் மச்சினன். முதலில் எண்ணெய்த் தேய்ப்பு, பிறகு அருவி, பிறகு புரோட்டா. இந்த வரிசையை நாங்கள் மாற்றுவதே இல்லை. எண்ணெய் தேய்ப்பவரும் ஒரே ஆள்தான். அருவிக்குப் போகிற வழியில் ஒரு பெஞ்சைப் போட்டு, பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் தோளில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றும் தட்டு தட்டென்று தட்டி, விரல் விரலாகச் சொடுக்கெடுத்து, "போங்க பாய், தண்ணி நல்லா விழுது" என்று அனுப்பி வைத்தார்.

தண்ணீர் நன்றாகத்தான் விழுந்தது. போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி அலுத்துப்போகும் வரை நின்றேன். வெளியே வந்து கைலியை இடுப்பில் செருகப் பார்த்தால் வலது கை செருக மறுத்தது. சிரிப்புதான் வந்தது. அருவி அடியில் நின்றவனுக்குக் கை மரத்துப்போவது இங்கே புதிதா? செருப்பும் வலது காலில் நிற்கவில்லை. ஈரம் என்று நினைத்தேன். வாய் குழறியது. குளிரில் பல் கிட்டியவன் வேறு எப்படிப் பேசுவான்? மச்சினன் என் கைலியைப் பிடித்துக் கட்டிவிட்டு, "மச்சான், அருவி உங்கள நல்லா வெளுத்துட்டு. ஒரு சுக்கு காப்பி அடிச்சா நேராயிரும்" என்று சொல்லி ஒரு டம்ளரும் வாங்கிவிட்டான். எனக்கு வேறு யோசனை. மரத்த கையை இன்னொரு முறை தேய்த்துவிடச் சொல்லலாம் என்று திரும்பவும் எண்ணெய்க்காரரிடம் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் என் கையை வாங்கி ஒரே ஒரு தடவைதான் அமுக்கினார். பிறகு பாட்டிலைக் கீழே வைத்தார்.

"பாய், கொஞ்ச நேரத்துக்கு முந்தி இந்தக் கையத்தான் தேச்சேன். இது அந்தக் கை இல்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது.

"சிரிங்க பாப்பம்."

சிரித்தேன். என் கணக்கில் முழுச் சிரிப்பு. அவர் முகம் மாறியதைப் பார்த்தால் பாதிதான் வந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை போனது, வலது கை பாதி வழியில் இறங்கிவிட்டது. மச்சினன் சுக்கு காப்பியை என் வாய்ப் பக்கம் கொண்டுவந்தான். எண்ணெய்க்காரர் அதைத் தட்டிவிடாத குறையாகத் தடுத்து, "உள்ள ஒண்ணும் இறக்காதிய. ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார்.

"நல்லா அழுத்தி ஒரு தேய் தேச்சு விடுங்களேன் அண்ணாச்சி, சரியாப் போயிரும்" என்றான் மச்சினன்.

"தேய்க்க மாட்டேன். எங்க அண்ணனுக்கு இப்படித்தான் வந்துச்சு. தண்ணி அடிச்ச மரப்புன்னு நெனச்சு நானேதான் மூணு நாள் தேச்சேன். இன்னைக்கும் அவன் கட்டில்லதான் கெடக்கான்."

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினான். சீசன் சனிக்கிழமையில் வரிசையாக ஆள் காத்திருக்க, அந்த மனிதர் பெஞ்சை அப்படியே விட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு ஆட்டோவில் ஏறி என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

தென்காசியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா இவர் நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க, எத்தனை மணிக்கு?" என்பதுதான். "காலையில நல்லாத்தான் இருந்தாக" என்றான் மச்சினன். டாக்டருக்கு அது போதவில்லை. எண்ணெய்க்காரர் முன்னால் வந்தார். "பதினொண்ணே காலுக்குத் தேச்சு முடிச்சேன் சார். அப்ப வலது கை என் கையப் பிடிச்சு அமுக்குச்சு. பிடி நல்லா இருந்துச்சு." டாக்டர் அந்த நேரத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டார். இதற்குள் நெஞ்சில் வயர் ஒட்டவந்த நர்ஸம்மாவுக்கு என்மேல் ஒரே கோபம். ஈசிஜி எடுக்க எதை ஒட்டினாலும் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அரை பாக்கெட் பஞ்சு என் மார்பில் செலவானது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. அடைப்பைக் கரைக்கிற ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், நேரம் தெரியாவிட்டால் போடுவதற்கே யோசிப்போம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். எனக்கு அந்த ஊசி கிடைத்தது. அன்று சாயங்காலமே கட்டைவிரல் அசைந்தது. ஒரு வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் நடந்தேன். பேச்சு மட்டும் வரவில்லை. அடைப்பு இடப்பக்க மூளையில், பேச்சு இருக்கும் இடத்துக்கு அருகில் என்றார்கள். "வரும், பொறுமையா இருக்கணும்" என்றார் டாக்டர். என் கடையில் எல்லா ஸ்பேரும் உண்டு. பொறுமை மட்டும் எப்போதுமே ஸ்டாக் இருந்ததில்லை.

அப்போது என் மகளின் கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். என் மகள் இன்னாரை, இன்ன மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். அவ்வளவுதான் கல்யாணம். வாப்பாவால் முடியாவிட்டால் தனக்குப் பதிலாக ஓர் ஆளை நியமிக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். மச்சினன் உடனே தயாராகிவிட்டான். வாக்கியத்தை ஒப்பித்தும் காட்டினான். என்னைவிட நன்றாகவே சொன்னான், பாவி.

எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் பிறந்தபோது நான் வளைகுடாவில். அவளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் சொன்னதே போனில்தான். பல் விழுந்தது, சைக்கிள் பழகியது, பத்தாம் வகுப்பு மார்க்கு எல்லாமே எனக்குப் போனில் வந்தவை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பேன், அப்போது கூச்சப்பட்டு உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். திரும்பிப் போனதும் போனில் வாய் ஓயாமல் பேசுவாள். தூக்கி வளர்த்தவன் இல்லை நான், பேசி வளர்த்தவன். அப்படிப்பட்டவன் அவளைக் கட்டிக்கொடுக்கிற ஒரு வாக்கியத்துக்கு இன்னொருத்தன் குரலை இரவல் வாங்குவதா? செத்தாலும் மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். "மா... மா..." என்றுதான் வந்தது. ஏதோ மாமாவைக் கூப்பிடுகிறேன் என்று எண்ணி மச்சினனின் பிள்ளைகள் ஓடிப்போய் மனைவி வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள்.

இதற்கிடையில் சொந்தக்காரர்களின் வைத்தியம். அருவியில் வருவது மூலிகைத் தண்ணீர், தினம் அரை மணி நேரம் தலையைக் கொடுத்தால் பேச்சு கொட்டும் என்றார் ஒருவர். நான் கவிழ்ந்ததே அந்த அருவியடியில்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. செங்கோட்டையிலிருந்து வந்தவர் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போய் மூலிகைக் கிழி ஒத்தடம் வைக்கச் சொன்னார். வாதத்துக்குப் புறாக் கறி நல்லது என்று யாரோ கிளப்பிவிட, ஒரே வாரத்தில் வீட்டுக்கு ஏழு புறா வந்து சேர்ந்தது. என் மகள் ஒன்றையும் அறுக்க விடவில்லை. மொட்டைமாடியில் கூடு அடித்து வளர்க்க ஆரம்பித்தாள். என் மனைவி யார் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை மட்டும் நேரம் தவறாமல் என் வாயில் போட்டாள். நானும் முணுமுணுக்காமல் விழுங்கினேன். முணுமுணுக்கவும் பேச்சு வேண்டுமே.

வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவள் என் மகள் வயதுப் பெண். படம் போட்ட அட்டைகளைக் காட்டிக் கேட்பாள். சாவியைக் காட்டினால் பூட்டு என்பேன். பூட்டைக் காட்டினால் ஸ்பேனர் என்பேன். பொருள் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், அதன் பெயர்தான் ஆள் மாறி வந்து நிற்கும். ஒருநாள் கோபத்தில் அட்டைகளை வீசி எறிந்தேன். அந்தப் பெண் அமைதியாகப் பொறுக்கி அடுக்கி, "வலது கையாலயே எறிஞ்சிட்டீங்களே, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

எல்லாவற்றிலும் கஷ்டம் என் மகளின் பெயர். நீளமான பெயர், நானே ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. அதுதான் வரவேயில்லை. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தால் "பேரிங்" என்று வந்தது. அவளும் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன வாப்பா, பேரிங் வந்துட்டேன்" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

போன் யோசனை அவளுடையதுதான். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடிக்குப் போய் அங்கிருந்து என் போனுக்கு அடித்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"வ அலைக்கும் ஸலாம். சாப்பிட்டேன்மா. நீ சாப்பிட்டியா? உம்மா எங்க?" என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. உம்மா எனக்குப் பக்கத்திலேயே கையில் தட்டோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய பேச்சு மூளையில் தனியாக ஒரு தடம் போட்டு வைத்திருக்கும், அதன் வழியாகவே மற்றதையும் கொண்டுவரலாம் என்றாள் பயிற்சிக்காரப் பெண். அன்று முதல் தினமும் மத்தியானம் மகள் மாடியில், நான் கீழே முற்றத்தில். நலம் விசாரிப்பில் தொடங்கி அந்த வாக்கியத்துக்குப் போவோம். துண்டு துண்டாக வரும். மஹர் வந்தது, நிக்காஹ் வந்தது. கடைசியில் வரும் 'கொடுத்தேன்' மட்டும் முதல் நாளிலிருந்தே தங்குதடையின்றி வந்துவிட்டது. பெயர்தான் பாக்கி.

அதுவும் மூன்றாவது மாதம் வந்தது. போனில் பேசியபடியே நிமிர்ந்து பார்த்தால், இவள் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து கீழே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு புறாவுக்குப் பொட்டுக்கடலை போட்டுக்கொண்டிருக்கிறாள். முழுப் பெயரையும் சொல்லி ஒரு சத்தம் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் இறங்கவில்லை. "இன்னொரு தடவ ஏசுங்க வாப்பா!" என்றாள். ஏசினேன். மொத்தம் ஐந்து தடவை ஏசிய பிறகுதான் இறங்கினாள்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. எண்ணெய்க்காரர் வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் திரைக்கு அந்தப்புறம், மகளும் அங்கேதான். ஹஜ்ரத் மைக்கை என் பக்கம் திருப்பினார். ஏதாவது ஆகிவிட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று மச்சினன் என் தோளை ஒட்டி உட்கார்ந்து, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரம்பித்தேன். என் மகள் என்றேன். அவள் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. மஹர் வந்தது. உங்களுக்கு நிக்காஹ் செய்து என்பது வரை வந்தது. அதோடு நின்றுவிட்டது.

பதற்றத்தில் இருந்த மாப்பிள்ளை, நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து, "ஏற்றுக்கொண்டேன்!" என்று கத்திவிட்டார். "மாப்ள, அவசரப்படாதிய, மாமா இன்னும் தரல" என்றார் ஹஜ்ரத். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மச்சினன் என் காதில், "கொடுத்தேன், மச்சான், கொடுத்தேன்" என்று எடுத்துக்கொடுத்தான். திரைக்கு அந்தப்புறம் என் மனைவி துஆ ஓதும் சத்தம் கேட்டது. வியாதி கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டது என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வார்த்தை எனக்கு மறக்கவில்லை. முழுசாக நாக்கின் மேல் இருந்தது. சொல்லிவிட்டால் அவள் போய்விடுவாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மாதமாக அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று இருந்தேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் தூரத்தில் இருந்துவிட்டு, பக்கத்தில் வந்து நாலே வருஷம் ஆகிறது. எனக்குக் கொடுக்க மனமில்லை.

"கொடுத்தேன்" என்றேன்.

சாப்பாட்டுப் பந்தியில் மச்சினன் என் இலையில் பிரியாணியைத் தள்ளிவிட்டு, "கடைசில கொஞ்சம் தட்டிருச்சு மச்சான். நோய் இன்னும் முழுசா விடல போல" என்றான்.

"ஆமால" என்றேன். "நோய்தான்."