பிளாஸ்டருக்குள் மணிக்கட்டு வரை

போன பங்குனியில், ஏரலில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நடந்தது இது. நீர்ப்பாசன வேலையில் முப்பது வருஷம் அடுத்தவர் கட்டிய சுவர்களில் குறை கண்டுபிடித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது பொழுதுபோகாமல் நானே சுவர் கட்டுகிறேன், முழ நீள மாதிரிகளாக. தாமிரபரணித் தடுப்பணை ஒன்றின் கற்சுவரை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, ஈரம் காயுமுன் ஊசியால் கீறிக் கல் வரிசை செதுக்க வேண்டும். இரண்டு முறை விரிசல் விட்டது. அதை வைக்கவிருந்த திருநெல்வேலிக் கண்காட்சிக்கு இரண்டே நாள்.

மூன்றாவது வார்ப்பை முறைப்படியே செய்தேன். தண்ணீரில்தான் மாவைத் தூவினேன். குமிழி போக வார்ப்புப் பெட்டியைத் தட்டினேன். சீக்கிரம் இறுக வெந்நீர் சேர்த்தேன். ஆனால் மடைத் துவாரத்துக்காக வைத்த மரக்கட்டை மிதந்து மேலே வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, கையை உள்ளே விட்டு அதை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மணிக்கட்டு வரை அவள் கை குழம்புக்குள். பத்து நிமிஷம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஏங்க, சுடுது" என்றாள். இறுகும்போது சூடு வரும், அது நல்ல வார்ப்புக்கு அடையாளம் என்று விளக்கினேன். மறுபடி சொன்னாள். இன்னும் நாலு நிமிஷம் என்றேன். மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மதிலைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார்தான் அவள் முகத்தைப் பார்த்தார். கையை எடுங்கக்கா என்றார். அவள் இழுத்தாள், வரவில்லை. அப்போதுதான் நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தேன். அவர் சுத்தியலோடு மதிலைத் தாண்டிக் குதித்துப் பெட்டியைப் பிளந்தார். சுவரில் முதல் அடி விழுந்ததும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பைய வே, ஒடைஞ்சிரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குப் 'பைய'ங்கீய அண்ணாச்சி, கைக்கா, சுவருக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் பக்குவமாகத் தட்டித் தட்டி உடைத்தார். வெளியே வந்த கையில் தோல் அங்கங்கே வெள்ளையாக வெந்திருந்தது. வாளித் தண்ணீரில் நனைத்தபடியே ஆட்டோவில் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரல்களையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் மருத்துவர். இரண்டு விரல்கள் இன்றும் முழுசாக மடங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டர் மாவுச் சாக்கைப் பார்த்தேன். குழம்பில் கையை வைக்காதீர்கள் என்று நாலாவது வரியில் அச்சடித்திருந்தது. மற்ற வரிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

கொத்தனாரிடம் "கைக்குத்தான்" என்று நான் சொல்லியிருக்கலாம், அவர் நம்பியும் இருப்பார். அது பொய் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்ததுதான் இன்றும் என்னை உலுக்குகிறது.