மூணு மிதி பிரேக்

எங்கள் கார் ஸ்டாண்டுக்கு எதிரே முதன்முதலாக எஸ்.டி.டி. பூத் திறந்தார்களே, அந்த வருஷம். தேதி கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதனால் நாள் கிழமையெல்லாம் நான் இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர்... அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். போன் பேச ஆள் இல்லாதவன்கூட உள்ளே போய் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு வருவான். நானும் வைத்துப் பார்த்தேன். ‘ங்ஙொய்’ என்றது.

அந்த பூத் வந்த மூன்றாவது வாரம் என் வண்டிக்கு எஃப்.சி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாடகை வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ‘ஓடத் தகுதியான வண்டி’ என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் ரோட்டில் எடுக்கலாம். மனுஷனுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இல்லை — என்னைப் போன்றவர்களின் அதிர்ஷ்டம்.

என்னுடையது வெள்ளை அம்பாசிடர். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. நான் வாங்கும்போதே அதற்கு நடுவயசு. ஆனால் என்னிடம் வந்த பதினோரு வருஷத்தில் என்னைத் தவிர ஒருவரையும் ஸ்டியரிங் பக்கம் விட்டதில்லை. “ஏழுமலை வண்டி ஏழுமலைக்குத்தான் அடங்கும்” என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஃப்.சி. வியாழக்கிழமை. அந்த ஞாயிறு கீழ்பென்னாத்தூரில் என் மகள் செல்விக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். வளையல் போட்டு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். “என் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு என் வண்டியிலதான் வருவா” என்று கல்யாணப் பந்தலிலேயே சொல்லி வைத்திருந்தேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டது யார்? சம்பந்தி.

சம்பந்திக்கு மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நல்ல மனிதர். ஆனால் வாய் இருக்கிறதே...

திங்கட்கிழமை காலையில் பூத்காரர் வெளியே வந்து கூப்பிட்டார். “ஏழுமலைண்ணே, கீழ்பென்னாத்தூர் லைன்ல இருக்குது. உங்க சம்பந்தி.”

போய் எடுத்தேன்.

“இன்னா சம்பந்தி, ஞாயித்துக்கிழம வண்டி வருதா? இல்ல, எங்காளுங்க நாலு பேர அனுப்பட்டா, தள்ளிக்கினு வர?”

“வரும் சம்பந்தி. எஃப்.சி. முடிஞ்சி கல்யாணப் பொண்ணாட்டம் வரும்.”

“பொங்கலுக்கு வந்தப்போ மொதல்ல பொக வந்துச்சி. அப்புறம் சத்தம் வந்துச்சி. அரமணி கழிச்சிதான் நீங்க வந்தீங்க.”

ரிசீவர் புதுசு. நல்ல சத்தம். வெளியே நின்ற நாலு பேருக்கும் கேட்டது.

அன்றைக்கே வண்டியைக் காதர் பாய் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். செங்கம் ரோட்டில் புளியமரத்தடியில் ஷெட். பாய் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். கை சுத்தமான மெக்கானிக். அவரிடம் வண்டியை விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போயிருக்கலாம். போவேனா? எனக்குக் காது இருக்கிறதே.

ஸ்டாண்டில் நான் காது டாக்டர். யார் வண்டி வந்து நின்றாலும் தலையைச் சாய்த்துக் கேட்பேன். “வால்வு தட்டுது.” “செல்ஃப் போகப் போவுது.” பத்துக்கு நாலு சரியாக இருக்கும். மிச்சம் ஆறைப் பற்றி நான் பேசமாட்டேன். மற்றவர்களும் மரியாதைக்காகப் பேசமாட்டார்கள்.

“சொல்லுண்ணே, இன்னா கம்ப்ளைன்ட்?” என்றார் பாய்.

“ஹெட்லைட்டு வெளிச்சம் கம்மியா இருக்குது. டைனமோதான். சத்தத்துலயே தெரியுது.”

கழற்றிப் பார்த்தார். டைனமோ ஜோராக இருந்தது. “அப்போ பேட்டரி” என்றேன். பேட்டரியும் பரவாயில்லை. பல்பை மாற்றினார். அதே மங்கல். “ஒயரிங்ல எங்கியோ கரன்ட் லீக்காவுது பாய்” என்றேன். பாவம், செவ்வாய்க்கிழமை முழுக்க ஒயரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அலுத்துப் போய் ஹெட்லைட் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்தவர் நின்றார். நகத்தால் சுரண்டினார். மஞ்சளாகச் செதில் உதிர்ந்தது.

“அண்ணே, இது இன்னா?”

“சந்தனம்.”

“எத்தன வருஷத்துது?”

யோசித்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்காரி காசியம்மா இரண்டு ஹெட்லைட்டுக்கும் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். வண்டி கழுவும்போது நான் பொட்டைச் சுற்றித்தான் கழுவுவேன். வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா? அடுத்த வெள்ளி அதன் மேலேயே இன்னொரு பொட்டு. உள்ளே பல்பு சூடு, வெளியே வெயில் சூடு. தோசைக்கல்லில் மாதிரி வெந்து பிடித்துவிட்டது.

பாய் பிளேடு வைத்துச் சுரண்டினார். லைட்டைப் போட்டார். புளியமரத்தில் இருந்த காக்கா எல்லாம் எழுந்து பறந்தது.

“ரெண்டு நாளா நான் டைனமோல தேடுனது, அண்ணி கையில இருந்திருக்குது” என்றார். ஷெட்டில் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன் — தனியாக நின்றால் இன்னும் கேவலம்.

கடைசியாகக் கையைத் துடைத்துக்கொண்டு சாவிக்காகக் கை நீட்டினார். “ஒரு ரவுண்டு ஓட்டி பிரேக்கயும் பாத்துட்றேண்ணே.”

“என் பிரேக்கு எனக்குத் தெரியாதா பாய்? பூன குறுக்க வந்தா அதும் வால்கூட நசுங்காது.”

சாவியைக் கொடுக்கவில்லை. பாய் ஒரு பார்வை பார்த்தார். அதோடு விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை. மைதானத்தில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டி. இன்ஸ்பெக்டர் சின்ன வயசு, ஊருக்குப் புதுசு. முன்னால் இருந்தவர் என்னையே ஓட்டச் சொல்லி, வெளியே நின்று பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். குரலை உயர்த்தாத மனிதர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். ஹாரன் கேட்டார், அடித்தேன். வைப்பர், இண்டிகேட்டர், ஸ்டெப்னி... எல்லாம் சரி. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். பட்டப்பகலில் பளீர் என்றது. “நல்லா இருக்கே” என்றார். பாதி எஃப்.சி. கையில் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

“சாவி குடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்.”

“நானே ஓட்டிக் காட்டறேன் சார். வேற ஆளுக்கு வண்டி பழக்கமில்ல.”

“பிரேக்குக்கு எதுக்குங்க ஆள் பழக்கம்?”

சாவியைக் கொடுத்தேன். அவர் ஸ்டியரிங்கில் உட்கார, நான் என் வண்டியில் முதன்முதலாக இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வண்டியே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. கிளப்பினார். மைதானத்துக் கோடியில் காம்பவுண்டு சுவர். நல்ல தூரத்திலேயே பிரேக்கை மிதித்தார்.

பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வலது கால், பெடலே இல்லாத இடத்தில், தரையை மிதித்தது. டப்... டப்... டப். மூன்று தடவை. நான் மிதிக்கச் சொல்லவில்லை. அதுவாகவே மிதித்தது. அதோடு விட்டதா? வாயும் சேர்ந்துகொண்டது.

“வுட்டு வுட்டு மிதிங்க சார், மூணாவதுல புடிக்கும்.”

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். நின்றது.

அவர் இன்ஜினை அணைத்தார். அப்புறம், “மூணாவது மிதியில பிடிக்கும் சரி. அதுக்குள்ள எதிர்ல வர்றவன் என்னங்க பண்ணுவான்?” என்றார்.

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“எத்தனை நாளா உங்களுக்கு இது தெரியும்?”

“இப்பதான் சார் தெரியும்.”

அவர் நம்பவில்லை. ஆனால் சத்தியமாக அதுதான் உண்மை. வாங்கின புதிதில் ஒரு மிதி. எப்போதோ அது இரண்டாயிற்று. அப்புறம் மூன்று. ஒரே நாளில் கெட்டிருந்தால் தெரிந்திருக்கும். தினம் ஒரு நூலளவு கெட்டது. தினம் ஒரு நூலளவு என் கால் பழகிக்கொண்டது. ஊரார் வண்டிக்கெல்லாம் காது வைத்த எனக்கு, என் சொந்தக் கால் பதினோரு வருஷமாக என்ன செய்கிறது என்று தெரியாது.

“இந்த வண்டியில யாரையெல்லாம் ஏத்தறீங்க?” என்று கேட்டார்.

செல்வி ஞாபகம் வந்தது. பின்சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்து, இரண்டு கை நிறைய வளையலோடு... வேறு எதற்காக அவர் ஃபெயில் பண்ணியிருந்தாலும் வாதாடியிருப்பேன். வாயைத் திறக்காமல் பேப்பரை வாங்கிக்கொண்டேன். ரிப்பேர் பார்த்து, அடுத்த வியாழன் மறுபடி கொண்டுவர வேண்டும்.

காதர் பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். “லைனிங்கு தேஞ்சி தகரமாட்டம் கீது. மாஸ்டர் சிலிண்டர்ல வாஷரும் போயிடுச்சி. சாமான் வேலூர்லேருந்து வரணும், திங்கக்கிழம ஆவும்” என்றார். “அன்னிக்கே சாவி கேட்டனேண்ணே” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

வேறு வண்டி? ஞாயிறு முகூர்த்த நாள். ஸ்டாண்டே காலி.

வீட்டில் வந்து சொன்னேன். காசியம்மா கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். “பொட்ட சொரண்டுனீங்க இல்ல” என்றாள். அவள் கணக்கு அவளுக்கு.

ஞாயிறு காலை, ஐந்து வகைச் சோற்றையும் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போய் இறங்கினோம். வாசலிலேயே சம்பந்தி.

“வண்டி எங்க? பின்னாடி வருதா?”

பொய் சொல்ல நாலைந்து யோசனை வைத்திருந்தேன். செல்வி உள்ளே மணையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் உள்ளதைச் சொன்னேன். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மூணு வாட்டி மிதிச்சா நிக்கும்... அதுக்கு காரு எதுக்கு சம்பந்தி, மாட்டு வண்டின்னா மூக்கணாங்கயித்த ஒரு இழுப்பு இழுத்தா நிக்குமே.” சிரித்து முடித்து, தோளில் கை போட்டார். “வுடுங்க. நம்ம வேன் இருக்குது. நானே ஓட்டிக்கினு வந்து வுட்டுட்றேன்.”

வளையல் அடுக்கி முடிந்தது. வேனில் பாய் விரித்தார்கள். செல்வி ஏறப் போனாள்.

“சம்பந்தி, சாவியக் குடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்” என்றேன்.

“எதுக்கு?”

“வேற ஆள் ஓட்டிப் பாக்கணும்.”

முகம் மாறியது. ஆனாலும் கொடுத்தார்; பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மல்லாட்டை காயப்போடும் களத்தில் மெதுவாக ஒரு சுற்று சுற்றி, பிரேக்கை ஒரே ஒரு மிதி மிதித்தேன். பெடல் உள்ளே போயிற்று. வேன் போய்க்கொண்டே இருந்தது.

“சம்பந்தி, இது உள்ள போவுது.”

“அது அப்பிடித்தான். ரெண்டு வாட்டி அழுத்திட்டு மூணாவது...”

பேச்சை நிறுத்திவிட்டார். நான் கியரைக் குறைத்து வேனை வைக்கோல் போரில் செருகி நிறுத்தினேன். அவர் குனிந்து தன் வலது காலையே பார்த்தார்.

“உங்குளுதும் மூணுதான சொன்னீங்க?” என்றார், ரொம்ப மெதுவாக.

“மூணுதான்.”

“யப்பா” — செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “பஸ்ல போலாம் வாங்க. உங்க காலுங்க கதைய அப்புறம் பேசுங்க. நிக்க முடியல என்னால.”

பஸ்ஸில்தான் வந்தோம். கண்டக்டர் முன்சீட்டில் இருந்த இரண்டு பேரை எழுப்பி, செல்வியையும் காசியம்மாவையும் உட்கார வைத்தார். சம்பந்தியும் கூடவே வந்தார், தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. நாங்கள் இரண்டு பேரும் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வழி முழுக்க அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

பாதி வழியில் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா பெருசு, ரெண்டு பேரும் என் கால்ல இன்னாத்த தேடறீங்க?”

“ஒரு மிதியா, மூணு மிதியான்னு பாக்கறோம்பா.”

“ஒண்ணுதான். தள்ளிப் போயி ஒழுங்கா நில்லுங்க.”

பதினேழாம் நாள் பேத்தி பிறந்தாள். அதற்குள் இரண்டு வண்டிக்கும் பிரேக் சரியாகிவிட்டது.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன்? எஃப்.சி. வருகிறதென்றால் பெயின்ட் அடிக்கிறோம், சீட்டுக்கு உறை தைக்கிறோம், பல்பு மாற்றுகிறோம். எல்லாம் செய்யுங்கள். அதற்கு முன்னால் சாவியை வேறு ஒரு ஆளிடம் கொடுத்து ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் இடதுபக்கம் உட்கார்ந்து, உங்கள் கால் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவருக்கும் சொல்லிவிடுங்கள். என் பேரைச் சொல்ல வேண்டாம். கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை வியாபாரிக்கு நடந்தது என்று சொன்னால் போதும்.