சக்கரத்துக்குப் பின்னால் இருந்த போல்ட்

அப்பாவின் டீ வண்டிக்குச் சக்கரம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. நாங்கள் பிழைக்க வந்த மலையாள ஊரான தம்பானூரில், ஒரு லாட்ஜின் மதிலோடு ஒட்டி நின்ற அந்த வண்டி எனக்கு நினைவு தெரிந்து நகர்ந்ததில்லை. நகரவிடாமல் செய்தவர் சித்தப்பா. பூட்டுப் போட்டால் திருடன் உடைப்பான், போல்ட் போட்டால் அவனுக்குத் தோன்றாது என்பது அவர் கணக்கு. மதிலில் பதித்திருந்த இரும்புப் பட்டையோடு பின்சக்கரத்தைச் சேர்த்து ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டிருந்தார். திருடன் வரவில்லை. தெருவோர வண்டிகளை அள்ளிப்போகும் கார்ப்பரேஷன் லாரி வந்தது.

பக்கத்துத் தெருவில் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்து இங்கேதான் என்று ஓர் ஆட்டோக்காரர் வந்து சொன்னார். மற்றவர்கள் தங்கள் வண்டிகளை லாட்ஜின் பின்முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லாரியில் ஏறிய வண்டி திரும்பி வந்ததாக அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை. எங்களுக்கோ அந்த வண்டி போனால் அடுத்த வேளைக்கு அடுப்பு எரியாது.

மதிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பெரியவர்களின் கை மணிக்கட்டுக்கு மேல் நுழையவில்லை. சித்தப்பா ஸ்பானரை மேலேயிருந்து செருகி, கண்ணால் பார்க்காமலே திருகினார். ஆட்டோக்காரர் கொடுத்த டீசலை ஊற்றிப் பார்த்தார்கள். ஸ்பானர் வழுக்கி வழுக்கி, போல்ட்டின் தலை உருண்டு மழுங்கிப் போனதுதான் மிச்சம். சித்தப்பா விரலை வெளியே எடுத்து, அதில் ஒட்டிய துருவை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு. மதினி சுத்திப் போட்ட உப்பு."

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் எடுத்து வண்டிக்குத் திருஷ்டி சுற்றுவாள். சுற்றியதை முச்சந்தியில் போட வேண்டும். தம்பானூர் முச்சந்தியில் பஸ்ஸுக்கு நடுவே போய் நிற்க முடியாது. அதனால் சக்கரத்துக்குப் பின்னால் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவாள். வருஷக்கணக்காக அந்த போல்ட் குடித்தது அதைத்தான்.

"உப்பு போடலேன்னா வண்டி இத்தன நாளு இருந்திருக்குமாக்கும்?" என்றாள் அம்மா. சித்தப்பா மறுபடியும் ஸ்பானரை எடுத்தார்.

என் கை நுழையும் என்று கண்டுபிடித்தது நான்தான். நான் பள்ளிக்கூடம் போகாத நாட்களில் அதுவும் ஒன்று. குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டேன். சித்தப்பா இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடின் ஒரு நுனியில் துணியைச் சுற்றிக் கொடுத்தார். பிடிச் சட்டம் உள்ளே போகாது, வெறும் பிளேடுதான். கன்னம் மதிலில் உரச, சாக்கடை நாற்றத்தை மூச்சாக இழுத்துக்கொண்டு அறுத்தேன். துணி நழுவி விரல் கிழிந்தது. எரிச்சல் தொடங்கியபோது உப்பு இன்னும் அங்கே இருப்பது தெரிந்தது. கையை எடுக்கவில்லை. அத்தனை பெரியவர்களும் என் ஒருத்தியை நம்பி நின்றது அதற்கு முன் நடந்ததில்லை, அதற்குப் பின்னும் அதிகம் நடக்கவில்லை.

லாரியின் சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியிலிருந்து எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு செருப்புத் தைப்பவரின் இரும்புப் பெட்டி. அதன் கால்களைத் தரையோடு சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார். ஆட்கள் அதை ஆட்டினார்கள், உதைத்தார்கள். இது வராது, கட்டர் கொண்டுவந்து இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டு, அதை அப்படியே விட்டுவிட்டு எங்களை நோக்கி நடந்தார்கள்.

அப்பா என் அருகே குனிந்தார்.

"மக்ளே, போதும். கைய எடு."

ரத்தத்தைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சந்தான் என்றேன். அவர் என் காலைப் பிடித்தார்.

"அறுக்காத பிள்ளே. சொன்னா கேளு." வந்துகொண்டிருந்த ஆட்களுக்குக் கேட்காதபடி கிசுகிசுத்தார்.

வலிக்கும் என்று பயப்படுகிறார், எனக்கு வலிக்கவில்லை என்று காட்ட வேண்டும். பல்லைக் கடித்து இரண்டு இழுப்பு இழுத்தேன். போல்ட் துண்டாகிச் சாக்கடைக்குள் விழுந்தது. சக்கரம் தானாக ஒரு முழம் உருண்டது.

அதன்பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. நாலு பேர் பலகை வைத்து வண்டியை லாரியில் ஏற்றினார்கள். அம்மா ஓடிப்போய்ப் பால் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். சித்தப்பா ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏற்றியவர்களில் கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் என் கையையும் பிளேடையும் பார்த்துவிட்டு, அப்பாவிடம் சிரித்தபடி சொன்னார்.

"மோள் ஆள் மிடுக்கியாணல்லோ."

லாரி திரும்பி மறையும்வரை அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் மிஞ்சியது அந்த இரும்புப் பெட்டி மட்டும்தான்.

அப்பாவுக்கு மலையாளம் அவ்வளவாக ஓடாது. மகள் கெட்டிக்காரி என்று அந்த ஆள் சொன்னது விளங்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு நடந்து போகும் வழியில், அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன்.