பழைய சாவி சேராது

செக்காலைப் பூட்டுக் கடைக்காரர் என் பூட்டைப் பிரித்து, பிசுக்கேறிய தகடுகளை விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "லீவர்தான் தேஞ்சிருக்கு. மாத்தலாம், ஆனா பழைய சாவி சேராது, பாத்துக்கிடுங்க" என்றார். துருவும் எண்ணெயும் கலந்த அந்த வாடையில், இன்று இல்லாத எங்கள் நேமத்தான்பட்டி வீட்டின் அறைக்கதவு கண்முன் வந்து நின்றது. அறுபதுகளில் அதன் பூட்டைப் பார்த்த ஆசாரியும் இதையேதான் சொன்னார். "வேணாம். அவுக பினாங்குக்குக் கொண்டுபோனது இதோட இன்னொரு சாவிதானே, வந்தா எப்படித் தொறப்பாக?" என்று அப்பாவை, எங்கள் அப்பச்சியை, மனதில் வைத்து மறுத்த ஆத்தா, தினமும் தேங்காயெண்ணெய் விட்டு, முழங்காலால் கதவை முட்டுக்கொடுத்துத் தூக்கி, கரகரவென்று திருப்பித் திருப்பித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு பினாங்கிலிருந்து அப்பச்சியின் பெட்டி மட்டும் வந்தது. வேட்டி மடிப்புக்குள் அந்தச் சாவி இருந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ஆத்தாவே ஆள் அனுப்பினாள். "இனி மாத்திருங்க, ஆசாரி."