வேல் பட்ட தலை

என் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முழுசு. மற்ற மூன்றும் முதல் கணுவோடு நின்றுவிட்டன. நாலு விரல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நாலு அல்ல, மூன்று.

பதினோராம் வகுப்பு தேறியவன் நான். ஐம்பதுகளின் கடைசியில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டஜன் எண்ணிக் கட்டுப் போடும் வேலை பார்த்தேன். என் கட்டில் ஒரு பனியன் கூடியதில்லை, குறைந்ததில்லை. ஒருநாள் காலண்டர் மிஷின் ஆள் வரவில்லை. முதலாளி என்னை நிற்கச் சொன்னார். சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவில் துணியைக் கொடுத்து அழுத்தி எடுக்கிற மிஷின் அது. விரல் உள்ளே போகாமல் இருக்க உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. கம்பி இருந்தால் துணி மெதுவாகத்தான் போகும் என்று முந்தின வாரம்தான் முதலாளி அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். கழற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். அன்று துணியின் ஓரம் சுருண்டது. நீவி விட்டேன். துணியோடு கையும் போயிற்று.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். டீ நேரத்தில் முதலாளி கம்பெனி முற்றத்தில் நின்று எல்லோரிடமும் பேசினார். அங்கே செக்கிங் பார்த்த என் மனைவி அதைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"படிச்ச பையன், நின்னுக்கிட்டே தூங்கீட்டான். கம்பியத் தாண்டிக் கைய உட்டா மிஷின் என்ன பண்ணும்?"

எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டேன். நினைவிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லவைத்து எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர்.

அந்தப் பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால், "ஏனுங்க, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா? பகல்ல தூங்கிப்போடாதீங்க" என்று மரியாதையாகவே கேட்பார்கள். விரல் போனதைவிட அது வலித்தது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எது உருண்டாலும் எனக்கு உடம்பு வியர்க்கும். கரும்புச்சாறு பிழிகிற கடைப் பக்கம் போக முடியாது. கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் கை உதறும், டம்ளர் நழுவும். டாக்டர் எதையாவது பிசைந்துகொண்டே இருக்கச் சொன்னார். கோதுமை மாவைப் பிசைந்து வீணாக்கினேன் என்று மனைவி சத்தம் போட்டாள்.

எங்கள் நெசவுக்காரர் தெருவின் முருகன் கோயிலைப் பெரியப்பாதான் பார்த்துக்கொண்டார். சூரன் தலையை எலி கடித்துவிட்டது, புதுசு செய்ய வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்கிறவன் காகிதக் கூழாவது பிசைந்து கொடு என்றார். ஐப்பசியில் சூரசம்ஹாரத்தன்று மரச்சூரனைத் தோளில் தூக்கி வருவார்கள். வேல் கழுத்தில் பட்டதும் பின்னால் நிற்பவர் யானைத்தலையை எடுத்துவிட்டுச் சிங்கத்தலை மாட்டுவார், அதற்குப் பிறகு சூரனின் சொந்தத் தலை. எனக்குக் கொடுத்தது அந்தக் கடைசித் தலை.

ஊறவைத்த காகிதத்தோடு புளியங்கொட்டைப் பசை சேர்த்துப் பிசைந்தேன். பூச்சி அரிக்காமலிருக்க வெந்தயம் அரைத்துப் போடுவார்கள். நான் இரண்டு பங்கு போட்டேன். மேல்தோலுக்கு அதே கம்பெனியின் கட்டிங் வேஸ்டை மனைவி மூட்டையில் கொண்டுவந்தாள். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், சுருக்கம் பிடித்தால் தோல் மாதிரியே நிற்கும். முதல் கைப்பிடிக் கூழை எடுத்தபோதே அது யாருடைய முகம் என்று எனக்குத் தெரியும். வெற்றிலை அடக்கிய வலது கன்னம். தழும்பால் இரண்டாக உடைந்த இடது புருவம். முன்பல்லில் சந்து. அந்தக் கன்னத்தைக் கட்டைவிரலால் அமுக்குகிறபோது என் கை உதறவில்லை. மனைவிதான் முதலில் கவனித்தாள். மறுநாளே இன்னொரு மூட்டை வேஸ்ட் கொண்டுவந்தாள்.

சூரசம்ஹாரக் கட்டளை முதலாளியுடையது, அன்றைய செலவு முழுக்க அவர்தான். தலையில் பரிவட்டத்தோடு முருகனுக்குப் பக்கத்தில், சூரனுக்கு நேர் எதிரே நிற்பார். வழக்கப்படி சூரன் மூன்று முறை வந்து தலையை ஆட்டி முருகனைச் சண்டைக்குக் கூப்பிட வேண்டும். சொந்தத் தலையோடு சூரன் முதல் முறை வந்தபோது கூட்டம் சும்மா இருந்தது. இரண்டாம் முறை செக்கிங்காரி ஒருத்தி நிதானமாகக் கேட்டாள்.

"ஏனுங்க மொதலாளி, சூரனுக்கு வெத்தலை நீங்க குடுத்ததுங்களா?"

சிரிப்பு அங்கிருந்து தெருமுனைவரை போயிற்று. மூன்றாம் முறை வேல் பட்டது, தலை கழன்றது. கும்பிட்ட கையை முதலாளி இறக்கவே இல்லை.

மறுநாள் கோயிலுக்கு வந்து பெரியப்பாவிடம், "தலைய மாத்தீருங்க சாமி. சின்னப்பசங்க சிரிக்குதுக" என்றார்.

"வேல் பட்ட தலைங்க அது. தானா ஒடையற வரைக்கும் மாத்தற வழக்கமில்லீங்களே" என்றார் பெரியப்பா. வழக்கம் எனக்கும் தெரியும். வெந்தயம் இரண்டு பங்கு போட்டது அதற்குத்தான்.

கட்டளையை விட்டால் சூரனுக்குப் பயந்து ஓடியவர் என்று ஊர் சொல்லும். அதனால் வருஷா வருஷம் வந்து நின்றார். வருஷா வருஷம் நான் தலைக்கு வர்ணம் பூசினேன். அவர் மீசை நரைத்தபோது சூரன் மீசையை நரைக்க வைத்தேன். அவருக்குப் பல் விழுந்த வருஷம் சூரனுக்கும் விழுந்தது. நாலாம் வருஷம் சோமனூரில் ஒரு தறிக்கூடத்தில் துணி எண்ணப் போனேன். சுற்றிலும் உருளைகள் சுழன்றன. சட்டை நனையவில்லை.

இன்னொரு ஐப்பசியில் நான் வர்ணம் பூசும்போது முதலாளி தனியாக வந்து நின்றார்.

"கம்பியக் கழட்டச் சொன்னது நாந்தான். போதுமா கண்ணு?"

"அன்னிக்குக் கேட்டது நாப்பத்திமூணு பேருங்க. இங்க நான் ஒருத்தன்தானுங்க இருக்கறேன்."

அவர் திரும்பிப் போனார். நான் சூரனின் கண்ணுக்குக் கீழே பையை இன்னும் சற்றுத் தொங்கவிட்டேன். சூரனையே மன்னித்துச் சேவலாக்கிக் கொடியில் வைத்துக்கொண்டவர் முருகன் என்று பெரியப்பா ஒருமுறை எனக்குச் சொன்னார். அது முருகனுடைய பாடு.

கடைசிவரை முதலாளி அதை நாலு பேர் முன்னால் சொல்லவில்லை. எழுபதுகளில் செத்துப்போனார். அந்த ஐப்பசியில் மகன் பரிவட்டம் கட்டி நின்றார். அப்பாதான் போயிட்டாருங்களே, இனியாவது என்று இழுத்தார். தலை இன்னும் உடையலீங்க என்றேன்.

அன்று கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த தன் புருஷனுக்குச் சூரனைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கம்பெனியில் சேர்ந்தே ஒரு வருஷம்தான் இருக்கும்.

"அது எங்க பழைய மொதலாளி மூஞ்சி. மிஷின் கம்பியக் கழட்டச் சொல்லிப்போட்டு, கை போனவரு தூங்கீட்டாருன்னு பொய் சொன்னவரு. பாவம், அவருக்கு நாலு விரல் போச்சு."

பொய்யென்று அவள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று இருந்தது. ஆனாலும் பொறுக்கவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் என் கையை நீட்டினேன்.

"மூணுதானுங்க," என்றேன். "எண்ணிப் பாருங்க."