ஹாபிஸ் என்றால் தூக்கு

சிங்கப்பூரில் கிராஞ்சி கட்டுமானத் தளத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நல்ல நடை. வேலையை உதறிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். உடம்பில் கம்பெனியின் சிக்னல்மேன் வெஸ்ட், சட்டைக்கு மேல் போடும் கையில்லாத மேலங்கி. பாரம் கட்டும் செல்வராஜ் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அண்ணே, வெஸ்ட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணே."

"மாட்டேன்."

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வெஸ்ட் போட்டவர் சொன்னால்தான் கிரேன் அசையும். எங்கள் கிரேன் ஓட்டுநர் ஹசான், மலாய்க்காரர், இதில் ரொம்பக் கறார். தளத்தில் இருந்ததோ அந்த ஒரு வெஸ்ட்தான்.

செல்வராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் பல வருஷம் பாரம் கட்டியவர். அவருடைய கூட்டத்தில் 'ஹாபிஸ்' என்றால் தூக்கு. மலாயில் அதற்கு 'முடிந்தது' என்று அர்த்தம். எங்கள் வீட்டுத் தமிழில் 'அபேஸ்' என்றால் திருட்டு. தேநீர் வேளையில் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

"உங்க ஆளுக்கு தூக்குறது, திருடுறது எல்லாம் ஒண்ணா லா?" என்பார் ஹசான், அரைத் தமிழில்.

"எங்க ஊர்ல தூக்கிட்டான்னாலே திருடிட்டான்தான் பாய்" என்பார் செல்வராஜ்.

அன்று லாரியில் கான்கிரீட் சுவர் ஒன்று காத்திருந்தது. அதை இறக்கி நிறுத்தும்போது அடியில் இரண்டு பேர் கை வைத்துச் சரிபார்ப்பார்கள். சூப்பர்வைசர் ரவி என்னை வேறொரு லாரியைப் பார்க்கச் சொன்னார்.

"வெஸ்ட்ட செல்வராஜ்கிட்ட குடுங்க. அவரு வாக்கி-டாக்கில பேசிக்குவாரு."

"அவரு கை சிக்னல் இன்னும் பழகலையே."

"ஒரே ஒரு லிஃப்ட் லா. நீங்க என்ன, பாஸா?"

கழற்றிக் கொடுத்தால் சுவர் தூக்கப்படும். அதனால் போட்டபடியே வெளியே வந்துவிட்டேன்.

"மலாய் எனக்குத் தெரியும்ணே," என்றார் பின்னாலேயே நடந்துவந்த செல்வராஜ். "நாயிக்னா மேல. துருன்னா கீழ."

"சும்மா நிக்கும்போது தெரியும். சுவர் ஆடுச்சுன்னா வாயில எது வரும்?"



"ஹாபிஸ்தான் வரும்," என்றார் செல்வராஜ்.

அவர் தூக்கச் சொல்வார். வேலை முடிந்தது என்று ஹசான் கம்பியைத் தளர்த்துவார். அடியில் இரண்டு பேருடைய கைகள்.

"ஆனா இன்னிக்கு நான் செஞ்சு காட்டினா சிக்னல்மேன் கோர்ஸுக்கு அனுப்புறேன்னாரு ரவி. கெடுத்துட்டீங்களேண்ணே."

பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

சாயங்காலம் ஹசான் போன் செய்தார். வேறு தளத்திலிருந்து ஒரு சிக்னல்மேன் தன் வெஸ்ட்டோடு வந்து சுவரை நிறுத்தியாயிற்று, யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். செல்வராஜ் என் போனை எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. அடுத்தவர் மொழியில் நாலு சொல் கற்பது எளிது. பயந்துபோனால் வாய் பழைய இடத்துக்கே ஓடிவிடும். அதனால் கையைப் பழக்குங்கள், வாயை நம்பாதீர்கள்.

வேலையை விட்ட மறுநாள் காலை பிடோக்கில் ஓர் உணவங்காடியில் தட்டு எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். சூப் கடைக்காரச் சீன அம்மாள் சீனத்தில் என்னவோ கேட்டார். குத்துமதிப்பாகப் பெரிய கிண்ணங்களை அடுக்கிக் கொண்டுபோனேன். கத்தினார், அவ்வளவுதான். திரும்பிப் போய்ச் சின்னதை எடுத்துவந்தேன். சரி என்று தலையாட்டினார்.