குதிரைப் பந்தய நாளில் நோலீன் கொட்டியது

நோலீன் கெர்வனுக்கு முட்டையோடு பேசத் தெரியும் என்று அந்தக் கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஒருமுறை அடைகாக்கும் அறையின் மூடிய கதவுக்கு வெளியே நின்றபடியே, "மூணாவது தட்டுல ஒண்ணு போயிடுச்சு" என்றாளாம். திறந்து பார்த்தால் மூன்றாவது தட்டேதான். இதை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் பதினான்கு பேர். அந்த இடத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்கவே முடியாது. அதனால் என்ன? நோலீனைப் பற்றிய கதைகள் எல்லாமே அப்படித்தான், ஆளைவிடச் சற்றே பெரிதாக இருக்கும்.

உண்மையில் அவளே பெரிய உருவம்தான். ஐம்பத்து நான்கு வயது, ஆண்பிள்ளைத் தோள்கள், குருவி முட்டையைக்கூட உடைக்காத விரல்கள். ஆஸ்திரேலியாவில், டாம்வொர்த் பக்கத்தில் ஒரு முட்டைப் பண்ணையில் பிறந்தவள். ஒன்பது வயதில், அப்பாவின் கோழிகள் தும்மித் தும்மிச் சுருங்கிய, ஓடில்லாத தோல்முட்டை இட்டு, பிறகு வரிசையாகச் சாவதைப் பார்த்தாள். அந்தக் கோழிச் சளியின் வைரஸ், பின்னாளில் கொரோனா என்று பெயர் வாங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதர்களைப் பிடித்த அதன் ஒன்றுவிட்ட தம்பி உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைப்பதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பே, சிட்னிக்கு மேற்கே அந்தக் கூடத்தில் நோலீன் அதை முட்டைக்குள் வளர்த்து, உடைத்து, அதன் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்பது அவள் வேலையல்ல. அது பிப்பின் வேலை. பிப் என்றால் விஞ்ஞானி ஃபிலிப்பா ஸ்டான்னார்ட், முப்பத்தாறு வயது, கொக்கு மாதிரிக் கால்கள், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு நாலு மணிக்குக் கை நடுங்குகிறவள். அவளுடைய மூன்று வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிந்தது. அதை நீட்டிப்பதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று முடிவு செய்ய, பணம் தரும் கோழிப்பண்ணைக்காரர்களின் கமிட்டி நவம்பர் கடைசியில் வருவதாக இருந்தது.

பிப்பின் கேள்வி இதுதான். வைரஸின் பரம்பரைச் செய்தி முழுவதையும் உயில் மாதிரி தாங்கியிருப்பது ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. இழை. அதைச் சுற்றி மூடுவதற்கென்றே ஒரு புரதம் உண்டு. ஆனால் கோழியின் செல்லுக்குள் கோழியின் சொந்த ஆர்.என்.ஏ. மலைபோலக் கிடக்கிறதே, அவ்வளவு கூட்டத்தில் இந்தப் புரதம் தன் வைரஸின் இழையை மட்டும் எப்படி அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது?

சோதனை எளிது. வைரஸ் இழையின் ஒரு துண்டில் கதிரியக்கப் பாஸ்பரஸை ஏற்றி, ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், அது கீழே ஓடி பிலிமில் கறுப்புக் கோடாக விழும். புரதம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாரம் தாங்காமல் மேலேயே நின்றுவிடும். இப்போது நூறு மடங்கு சாதாரண ஈஸ்ட் ஆர்.என்.ஏ.வைக் கலக்கு. புரதம் கண்டதையும் பிடிக்கிற ரகமாயிருந்தால் ஈஸ்ட்டின் பின்னால் போய்விடும், மேல்கோடு மறையும். விசுவாசமான ரகமாயிருந்தால் கோடு அப்படியே நிற்கும்.

ஈஸ்ட் ஆர்.என்.ஏ.வைச் சுத்தம் செய்து தருவது நோலீனின் பொறுப்பு. அதைச் செய்த நாள் நவம்பரின் முதல் செவ்வாய்.

மெல்போர்ன் கோப்பைப் பந்தய நாளில் அந்த நாட்டில் எவனும் வேலை செய்வதில்லை, செய்வதுபோல நிற்பான், அவ்வளவுதான். ஸ்டோர் ரூம் மெர்வ் தலையில் ஒரு பெண்பிள்ளைத் தொப்பியை வைத்துக்கொண்டு, காலையிலேயே குதிரைப் பெயர்ச் சீட்டுகளை ஒரு பீக்கரில் போட்டுக் குலுக்கினான். நோலீனுக்கு வந்தது 'டஸ்டி பூட்ஸ்'.

"ஏ மகராசி, மூணு மணி ஆகுது! பந்தயம் கிளம்பிடுச்சு, நீ இன்னும் டியூப்பைக் கட்டிக்கிட்டு அழுவுற!" என்று கத்தினான் மெர்வ்.

"கத்தாதடா, ரேடியோவைச் சத்தமா வை! இங்கிருந்தே கேட்டுக்கறேன்!"

சுழற்றும் எந்திரத்திலிருந்து அப்போதுதான் டியூப்பை எடுத்திருந்தாள். ஆல்கஹாலில் ஆர்.என்.ஏ. திரண்டு அடியில் ஒட்டியிருக்கும். மேலே நிற்கும் ஆல்கஹாலைத் தொட்டியில் மெல்லச் சாய்த்துவிட்டு, அடியில் இருப்பதைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். சாய்த்தாள். கரைத்தாள். மறுபடி அளக்காமல், முந்தைய நாள் அளந்த அளவையே மூடியில் எழுதி உறைபெட்டியில் வைத்தாள். ஓடினாள்.

அந்த வாரக் கடைசியில் பிலிமைக் கழுவி எடுத்தபோது மேல்கோடு மீசை முறுக்கிக்கொண்டு நின்றது. ஈஸ்ட் இல்லாமலும் அதே கோடு, நூறு மடங்கு ஈஸ்ட்டோடும் அதே கோடு. பிப் இருட்டறையிலேயே குதித்துத் தலையை விளக்கில் இடித்துக்கொண்டாள். கமிட்டித் தலைவருக்கு உடனே போன் போட்டாள். புதிய கவுன்கூட வாங்கிவிட்டாள். நோலீனுக்கு அந்தப் புரதத்தின்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. "இப்படி ஒருத்தன் எனக்குக் கிடைச்சிருந்தா ரெண்டாவது கல்யாணமே தேவைப்பட்டிருக்காது" என்று மெர்விடம் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, ஈஸ்ட் தீரப்போகிறதே என்று புதிதாகச் செய்தாள். எந்திரம் நின்றது. டியூப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடிச்சுவரில் வெள்ளையாக, வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி ஆர்.என்.ஏ. ஒட்டியிருந்தது.

போன தடவை இந்த நகத்துண்டைப் பார்த்தேனா?

யோசித்தாள். டஸ்டி பூட்ஸ் கடைசி வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கியது நினைவிருந்தது. வர்ணனைக்காரரின் குரல் பிசிறியது நினைவிருந்தது. மெர்வின் தொப்பியிலிருந்த பிளாஸ்டிக் செர்ரிகளைக்கூட எண்ணிச் சொல்ல முடியும். நகத்துண்டு மட்டும் நினைவில் இல்லை.

பழைய டியூப்பில் மிச்சமிருந்த துளியை எடுத்து அளக்கும் கருவியில் வைத்தாள். முள் அசையவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பூஜ்யம். ஆல்கஹாலைச் சாய்த்தபோது நகத்துண்டும் வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போயிருக்கிறது. அப்படியானால் புரதம் ஈஸ்ட்டை மறுக்கவே இல்லை. அதற்கு ஈஸ்ட்டை யாரும் காட்டவே இல்லை.

கமிட்டி வர எட்டு நாள். இது தெரிந்தவள் அவள் ஒருத்தி. உறைபெட்டிக் கதவு திறந்தே இருந்தது. டியூப்பை உள்ளே வைத்து மூடிவிட்டால் பிப்புக்கு இன்னும் மூன்று வருடம் வேலை. எத்தனையோ நல்ல மனுஷிகள் மூடியிருப்பார்கள். நோலீனும் ஒரு கணம் கதவில் கை வைத்தாள். பிறகு டியூப்பை மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பிப்பின் அறைக்குப் போனாள்.

"பிப், கொஞ்சம் இங்க பாரு கண்ணு."

"கமிட்டிக்குப் படம் வரையறேன் நோலீன். இந்த அம்புக்குறி நல்லா இருக்கா பாருங்க."

"அம்புக்குறி நல்லாத்தான் இருக்கு. அது காட்டுற கோடுதான் சரியில்ல." டியூப்பை மேசைமேல் வைத்தாள். "இதுல ஈஸ்ட் இல்ல. நான் கொட்டிட்டேன்."

"அப்ப என்ன இருக்கு?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"நல்ல தண்ணி. ரெண்டு தடவை வடிச்சது."

பிப்பின் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. "அப்ப நான் நூறு மடங்கு ஈஸ்ட்னு சொன்னது..."

"நூறு மடங்கு தண்ணி."

"தண்ணிக்கு மயங்காத புரதத்தைக் கண்டுபிடிச்சிருக்கேன்" என்றாள் பிப். "எப்ப நடந்துச்சு?"

"கோப்பை அன்னிக்கு. மூணு மணிக்கு."

பிப் குனிந்து பென்சிலை எடுத்தாள். "உங்க குதிரையாவது ஜெயிச்சுதா?"

"கடைசிக்கு முந்தினது."

பிப் எழுந்து வெளியே போனாள். கோழிக் கொட்டகைகளை மூன்று சுற்றுச் சுற்றினாள். நோலீன் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய இரண்டு கணவன்மாரும் கோபித்துக்கொண்டு வெளியே போனவர்கள்தான். அப்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு வந்ததில்லை.

பிப் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. செருப்பில் கோழி எச்சம்.

"பாஸ்பரஸ் ஏத்தின துண்டு எவ்வளவு மிச்சம்?"

"பாதிக்கும் கீழ மங்கிடுச்சு. ஒரு ஜெல்லுக்குத்தான் வரும். பிலிமை மூணு நாள் வச்சாகணும்."

"வைப்போம். இந்தத் தடவை ஈஸ்ட்டை ஒரேயடியா கொட்டாம படிப்படியா ஏத்துங்க. பக்கத்துலயே வைரஸோட சொந்தத் துண்டையும், பாஸ்பரஸ் இல்லாம, அதே மாதிரி ஏத்துங்க. ரெண்டுல எதுக்குச் சீக்கிரம் மசியுதுன்னு பாப்போம்."

மூன்றாம் நாள் இருவரும் இருட்டறையில் தோளோடு தோள் உரசி நின்று ஈரப் பிலிமைத் தூக்கினார்கள். சொந்தத் துண்டு பத்து மடங்கிலேயே மேல்கோட்டைத் துடைத்துவிட்டிருந்தது. ஈஸ்ட்டுக்குப் பத்தில் கோடு நின்றது, ஐம்பதில் வெளிறியது, நூறில் காணாமல் போனது.

"அடப்பாவி, இவனும் கண்டதையும் பிடிக்கிறவன்தான்!" என்றாள் நோலீன்.

"ஆனா சொந்தம்னா கொஞ்சம் கூடுதல் பாசம்" என்றாள் பிப். "இந்தக் கொஞ்சம் போதாது நோலீன். செல்லுக்குள்ள இருக்கிற கூட்டத்துக்கு இது எந்த மூலைக்கு? வேற யாரோ கைகொடுக்குறாங்க."

"யாரு?"

"வைரஸோட மேலுறைச் சவ்வுல உட்கார்ந்திருக்குதே இன்னொரு புரதம், அதுவா இருக்கலாம். வால் உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் ஆளைத் தேர்ந்தெடுக்குதோ என்னவோ."

கமிட்டியில் நான்கு பேர். தலைவர் கார்மெல் ஸ்பிட்டேரி, மால்டாவிலிருந்து வந்த முட்டை வியாபாரி, கை ஒவ்வொன்றும் சட்டுவம் மாதிரி. பிப் எல்லாவற்றையும் சொன்னாள், பழைய படம், புதிய படம், இடையில் போன தண்ணீர், ஒன்றும் விடவில்லை.

"அப்ப போன்ல குதிச்சீங்களே அம்மா, அது?" என்றார் ஸ்பிட்டேரி.

"அது தப்புங்க."

"யாரு தப்பு?"

"என் மேசையில நடந்தது. என் தப்பு" என்றாள் பிப்.

தேங்காய்த் தூள் தூவிய லாமிங்டன் கேக் தட்டோடு கதவருகே நின்ற நோலீனால் பொறுக்க முடியவில்லை. "அவ சும்மா சொல்றா. கொட்டினது நான்."

ஸ்பிட்டேரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பேசாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே!"

"உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருஷம் வேற எவனாவது இதைச் செஞ்சு பார்ப்பான் பாருங்க, அவன் ஈஸ்ட்டைக் கொட்டமாட்டான். அப்ப உங்க காசும் போகும், இவ பேரும் போகும்."

அவர் ஒரு லாமிங்டனை எடுத்தார், முழுசாக வாயில் போட்டார், தேங்காய்த் தூளை மீசையிலிருந்து தட்டினார். "மூணு வருஷம் கேட்டீங்க. ஒரு வருஷம் எழுதுறேன். அந்த ரெண்டாவது புரதத்தைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

கார் போகும்வரை பிப் புன்னகைத்துக்கொண்டே நின்றாள். பிறகு படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஒரே ஒரு வருஷம்."

"பன்னிரண்டு மாசம் கண்ணு. அதுக்குள்ள கோழி முந்நூறு முட்டை போடும். எந்திரி."

சவ்வுப் புரதம் நெய்யில் விழுந்த பசை மாதிரி, தண்ணீரில் கரையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நோலீன் அதைத் திட்டாத நாள் இல்லை. அதற்கிடையே கூடத்தில் புதிய வழக்கம் ஒன்றும் வேரூன்றியது: ஆல்கஹாலைச் சாய்க்குமுன் யாரையாவது கூப்பிட்டு அடியில் இருப்பதைக் காட்ட வேண்டும், பார்த்தவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதிகம் மாட்டிக்கொண்டவன் மெர்வ்தான்.

"மெர்வ்! இங்க வா! தெரியுதா?"

"இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். நகத்துண்டு மாதிரி ஒண்ணு தெரியுது."

"எந்தப் பக்கம்?"

"உன் கட்டைவிரல் பக்கம். சீக்கிரம் கொட்டித் தொலை மகராசி, என் டீ ஆறுது."

"கையெழுத்தைப் போட்டுட்டுப் போ" என்றாள் நோலீன், டியூப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.